கழைமேல் நின்றவரின் பெயர் என்ன?

தஞ்சையில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், அரண்மனைக்கு வெளியிலும் சித்திர வேலை மும்முரமாக நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகள் சீமைக்குக் கொண்டுபோக நம் மக்களைத் தொழில்வாரியாக வரைந்து கேட்டார்கள். நெசவாளி, குயவர், பாம்பாட்டி, கழைக்கூத்தாடி எனத் தாள் தாளாக வரைந்து கொடுத்தார்கள் தஞ்சை ஓவியர்கள். பல தாள்கள் இன்று லண்டன் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

கூத்தாடிகளைக் காட்டும் தாள்களில் என்னை நிறுத்துவது அந்த வெறுமை. தெருவும் இல்லை, கூட்டமும் இல்லை. காலடியில் ஒரு கீற்றுத் தரை, பின்னால் வெளிறிய வானம், அவ்வளவுதான். உயிரைப் பணயம் வைத்து ஆடும் ஆட்டம், வேடிக்கை பார்க்க ஓர் ஆள்கூட இல்லாமல் நடக்கிறது. உடையும் கருவியும் நுணுக்கமாக இருக்கும். ஆடியவர் பெயர் இருக்காது. வரைந்தவர் பெயரும் இருக்காது. தொழிலின் பெயர் போதும் என்று கம்பெனிக்காரர்கள் நினைத்தார்கள்.

இத்தனைக்கும் பழைய தொழில் இது. கயிற்றின்மேல் ஆடுவோருக்காகக் கொட்டிய பறையைக் குறுந்தொகையின் 7ஆம் பாடலே சொல்கிறது.

பெயரோடு தப்பிய இந்திய வித்தைக்காரர்களில் ஒருவர் ராமோ சாமி. லண்டன் மேடைகளில் பந்து எறிந்து பிடித்தார், வாளை விழுங்கினார். இந்திய வித்தைக்காரரைப் பற்றி ஆங்கில எழுத்தாளர் ஹேஸ்லிட் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை 1821இல் நூலாக வந்தது. அதில் வருபவர் இவரே என்பார்கள். அவ்வளவு புகழ் பெற்றவர் 1850இல் வறுமையில் இறந்தார். அடக்கச் செலவுக்கு அவர் மனைவி ஊராரிடம் உதவி கேட்க வேண்டியிருந்தது.

பெயர் மறைந்துபோகும் கதை நம் சிங்கப்பூரிலும் உண்டு. மார்சிலிங்கில் எம்ஆர்டி ஏறினால் வண்டி மாறாமல் டோபி காட்; அங்கிருந்து நடக்கும் தூரத்தில் தேசிய அரும்பொருளகம். சிங்கப்பூரின் முதல் ரெசிடெண்ட் ஃபார்குவார் வரையவைத்த 477 இயற்கைச் சித்திரங்கள் அதன் சேகரிப்பில் உள்ளன. வரைந்த சீன ஓவியர்களின் பெயர் அங்கேயும் இல்லை.

உங்கள் வீட்டில் கூத்து, சர்க்கஸ், மேடை நாடகம் என்று பழைய படம் எதுவும் இருந்தால், பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, படத்தில் இருப்பவர்களின் பெயரைப் பின்புறம் பென்சிலால் எழுதி வையுங்கள். எடுத்தவர் பெயரையும் சேர்த்து.