வீட்டுக்குப் போனவர்கள்

மில்கிராம் என்றதும் எல்லோரும் ஒரே எண்ணைத்தான் சொல்வோம்: 65 சதவீதம். 1961இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய சோதனை. பக்கத்து அறையில் இருக்கும் ஆள் தப்பாகப் பதில் சொன்னால் ஷாக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தப்புக்கும் 15 வோல்ட் கூடும். ஷாக் பொய், அந்த ஆளும் நடிக்கிறவர். சாம்பல் நிறக் கோட்டுப் போட்டவர் தொடரச் சொல்லச் சொல்ல, 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். அதே ஆண்டு ஜெருசலேமில் ஐக்மன் விசாரணையும் நடந்ததால், நாஜி ஆவது யாருக்கும் சாத்தியம் என்பதற்கு இதுவே சாட்சி ஆகிவிட்டது.

எனக்கு அந்த எண்ணைவிட, நாலரை டாலர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள்மேல்தான் கண். அந்த 40 பேரில் 14 பேர் பதற்றத்தில் அடக்க முடியாமல் சிரித்தார்கள், 3 பேருக்கு வலிப்பே வந்தது. மில்கிராமே 1963 கட்டுரையில் எழுதியிருக்கிறார். கிளம்பும் முன் சமாதானப்படுத்தி அனுப்பியதாகவும் எழுதினார். சமாதானம் என்றால்? ஷாக் வாங்கியதாக நம்பவைக்கப்பட்ட ஆள் வந்து முகத்தைக் காட்டுவார். மெஷினே பொய் என்று பலருக்கு அப்போது சொல்லப்படவில்லை என்பதை, ஒலிநாடாக்களைக் கேட்டும் பங்கேற்றவர்களைத் தேடிப் பேசியும் ஜினா பெரி எழுதினார். ஒருவர் இரண்டு வாரம் உள்ளூர் நாளிதழில் மரண அறிவிப்புகளைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறார், தான் கொன்றுவிட்டோமா என்று பார்க்க!

1964இல் டயானா பாம்ரிண்ட் இந்த நெறிமுறையைக் கேள்வி கேட்டபோது, பங்கேற்றதில் 84 சதவீதம் பேருக்கு மகிழ்ச்சி என்று மில்கிராம் பதில் சொன்னார். அந்தக் கேள்வித்தாள், உண்மையை விளக்கும் அறிக்கையோடு சேர்ந்து போனது. அனுப்பியது அதே பேராசிரியர். கீழ்ப்படிதலைப் பற்றி இவ்வளவு தெரிந்தவர், அந்தப் பதிலை மட்டும் அப்படியே நம்பியது விசித்திரம்தான்.

65க்கும் அவ்வளவு உறுதி கிடையாது. ஷாக் நிஜம் என்று முழுசாக நம்பியவர்கள் பாதிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நாடாக்களில் கோட்டுக்காரர், எழுதிவைத்த நான்கு வாக்கியங்களைத் தாண்டியும் வற்புறுத்துகிறார். இன்னொரு சோதனையில் நண்பர்கள், உறவினர்கள் என 20 ஜோடிகளைக் கூப்பிட்டார்கள். கத்துவது தெரிந்த குரல். 3 பேர்தான் கடைசிவரை போனார்கள். 1974இல் வந்த மில்கிராமின் புத்தகத்தில் இந்தச் சோதனை இல்லை.