அன்னை ஹவ்வா மீது ஏறிய பழி

கள்ளக்குறிச்சியில் நாம் கலந்துகொண்ட ஒரு நிக்காஹ் மஜ்லிஸில், குத்பாவில் அந்நிஸா அத்தியாயத்தின் முதல் வசனம் ஓதப்பட்டது. மனிதர் யாவரும் ஒரே ஆன்மாவிலிருந்து படைக்கப்பட்டனர் என்பது அதன் கருத்து. அடுத்துப் பயான் செய்ய எழுந்த பெரியவரோ, பெண் விலா எலும்பில் பிறந்தவள், ஆதம் (அலை) அவர்களைக் கனி உண்ணச் செய்தவள், ஆகவே அடங்கி நடப்பதே அவளுக்கு விதி என்று மணமகளுக்கு உபதேசித்தார். திரைக்குப் பின்னாலிருந்த அப்பெண் என்ன நினைத்திருப்பாள்!

இப்பேச்சின் வேர் எபிரேய மொழி ஆதியாகமத்தில் உள்ளது. அங்கும் செய்தி ஒன்றாக இல்லை. முதல் அத்தியாயத்தில் ஆணும் பெண்ணும் ஒருசேரப் படைக்கப்படுகின்றனர். பூமியை ஆளும் பொறுப்பும் இருவருக்கும் தரப்படுகிறது. விலா வருவது இரண்டாம் அத்தியாயத்தில்தான். அதற்குரிய எபிரேயச் சொல் 'ஸேலா'. நம் அரபியின் 'ளில்உ' அதன் உடன்பிறப்பு. யாத்திராகமத்தில் அதே சொல் வணக்கக் கூடாரத்தின் பக்கத்தைக் குறிக்கிறது. இதைக் காட்டியே, முதல் மனிதர் இருமுகம் கொண்டவராகப் படைக்கப்பட்டு இரு பக்கங்களாகப் பிரிக்கப்பட்டார் என்று பழைய யூத அறிஞர் ஒருவர் விளக்கினார். கணவன் ஆளுவான் என்ற சொல்லோ படைப்பின்போது இல்லை. தவறு நேர்ந்த பின்னர், மூன்றாம் அத்தியாயத்தில் வருகிறது. அவள் கனியைக் கொடுத்தபோது கணவன் உடனிருந்தான் என்பதும் அம்மூலத்திலேயே உள்ளது. இதைப் பலர் கவனிப்பதில்லை.

பூர்வகதைகளில் பெண்ணின் இடம் சுருங்குவது புதிதன்று. ஊருக்கு மேற்கேயுள்ள கல்வராயன் முதலிய மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினர், காஞ்சியிலிருந்து வந்த பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்னும் சகோதரர்களைத் தம் முன்னோராகச் சொல்வர். அவர்தம் மனைவியரின் பெயர்களை நாம் கேட்டவரை எவரும் சொன்னதில்லை.

ஹவ்வாவே முதலில் உண்டு ஆதமுக்குக் கொடுத்தார் என்னும் செய்தியை, வேதக்காரர்களின் கதைகளை நன்கறிந்த யமன் நாட்டு வஹ்பு இப்னு முனப்பிஹ் வாயிலாக இமாம் தபரீ (மறைவு ஹிஜ்ரி 310) தம் தஃப்ஸீரில் பதிவு செய்துள்ளார். விலாவைக் குறிப்பிடும் நபிமொழியும் உண்டு. ஆனால் பெண்களிடம் நல்ல விதமாக நடந்துகொள்ளுங்கள் என்னும் அறிவுரையே அதன் தொடக்கமும் முடிவும். பயான்களில் அந்தத் தொடக்கமும் முடிவும் உதிர்ந்துவிடுகின்றன.

திருக்குர்ஆன் அல்அஃராஃப் அத்தியாயத்தில், ஷைத்தான் மயக்கியது இருவரையும் என்று அரபியின் இருமை வடிவிலேயே கூறுகிறது. தாஹா அத்தியாயத்தின் 121ஆம் வசனம், இருவரும் உண்டதைச் சொல்லிவிட்டு, மாறு செய்தவராக ஆதமின் பெயரையே குறிப்பிடுகிறது.

விருந்து முடிந்தபின் அவ்வசனத்தைப் பெரியவரிடம் மெல்ல நினைவூட்டினோம். "எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன்" என்றார், சற்று நேரம் பேசாமலிருந்து.