எங்க மாவட்டத்துப் பொம்பளைங்க சைக்கிள் பழகின வரலாறு



மலருக்கு ஏதாவது பழைய வரலாறு எழுதிக் கொடுங்கன்னு தலைவி அக்கா கேட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. ராஜா காலத்து வரலாறெல்லாம் எனக்கு வராது. எங்க அம்மா சைக்கிள் பழக்கிக் கொடுத்தது தெரியும், அதை எழுதுறேன்.

1991-ல் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போ கலெக்டராக இருந்தவங்க ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கச் சொல்லிக் கொடுப்பதுதான் அறிவொளியின் வேலை. ஆனால் பாடம் நடத்தப் போற பெண்கள் ஒரு ஊர்ல இருந்து இன்னொரு ஊருக்கு எப்படிப் போறது? பஸ் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அண்ணனோ வீட்டுக்காரரோ கொண்டுபோய் விட்டாத்தான் உண்டு. அதனால எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் பழக்கணும்னு முடிவு செஞ்சாங்க. பெண்கள் சைக்கிள் வாங்க பேங்க்ல கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. இன்னைக்கு நம்ம குழுவுக்குக் கடன் வாங்க எத்தனை நடை நடக்குறோம்னு நினைச்சா, அது சின்ன விசயம் இல்ல.

எங்க அம்மாவுக்கு அப்போ 25 வயசு இருக்கும். எனக்கு மூணு வயசு. தாய்மாமாகிட்ட சின்ன வயசுலயே குரங்குப் பெடல் போட்டுப் பழகினவங்க, கல்யாணத்துக்குப் பிறகு விட்டுட்டாங்க. அது தெரிஞ்சு அறிவொளித் தொண்டர்கள் வந்து, "நீங்களே பழக்கி விடுங்கக்கா"ன்னு கேட்டிருக்காங்க. ஊரணிக் கரைப் பொட்டல்தான் இடம். வாடகை சைக்கிள் ஒண்ணு, எங்க அப்பா சைக்கிள் ஒண்ணு.

பழக வந்தவங்க ஒரே மாதிரி இல்ல. வாத்தியார் வீட்டம்மா யாரும் பாக்கக் கூடாதுன்னு விடியறதுக்கு முன்னாடியே வந்து நிப்பாங்களாம். ராவுத்தர் வீட்டுப் பொண்ணுக்கு அவங்க வீட்டுக் கொல்லையிலயே அம்மா போய்ப் பழக்கினாங்க. அவ அம்மா வாசப்படியில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாங்களாம். கல்குவாரியில வேலை பாத்த ரெண்டு பேரு ரெண்டே நாள்ல பழகிட்டாங்க. கல்லு தூக்கின கை, ஹேண்டில்பார் ஆடவே இல்லையாம்.

அம்மா பழக்கின விதம் இதுதான். கொசுவத்தை இழுத்துச் சொருகணும், இல்லாட்டி சேலை செயின்ல மாட்டும். முன் சக்கரத்தைப் பாக்கக் கூடாது, தூரத்துல ஒரு மரத்தைப் பாக்கணும். கேரியரைப் பிடிச்சிக்கிட்டு பின்னாலேயே ஓடுவாங்க. "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன்"னு சொல்லிக்கிட்டே கையை விட்டுடுவாங்க. "நான் சொன்ன பொய்யிலேயே அதுதான் புண்ணியம்"னு இப்பவும் சிரிப்பாங்க.

லேடீஸ் சைக்கிளுக்கு அப்போ தட்டுப்பாடு. ஜென்ட்ஸ் சைக்கிளையே நிறைய பேர் வாங்கினாங்க. நடுவுல உள்ள பாருல பிள்ளையை உக்கார வைக்கலாம்ல! நானும் அந்தப் பாருல உக்காந்து போனவதான்.

காலனியில இருந்து ஆறு பேர் வந்தாங்க. முதல் நாள் புளிய மரத்தடியிலேயே தள்ளி நின்னாங்களாம். அறிவொளியில எல்லாரையும் அக்கா, தங்கச்சின்னுதான் கூப்பிடணும். அவங்க மட்டும் அம்மாவை "தாயி"ன்னே கூப்பிட்டாங்க. வாடகைக் கடைக்காரர் அவங்க ஏறுறதுக்கு வண்டி தர மாட்டேன்னுட்டார். அப்பா சைக்கிள்லதான் பழக்கினாங்க. வீட்டுக்கு வந்தா அப்பத்தா, "குளிச்சிட்டு உள்ள வா"ன்னு வாசல்ல தண்ணி வச்சிருக்கும். நாலு நாள் குளிச்சாங்க அம்மா. அஞ்சாவது நாள் குளிக்காமலே உள்ள போனாங்க. அப்பத்தா ஒரு மாசம் அம்மாகிட்ட பேசல.

இதை மட்டும் எழுதினா அம்மாவுக்குப் பெருமையா இருக்கும். ஆனா இன்னொண்ணும் இருக்கு. ஊர்க்காரங்க பேச்சுக்குப் பயந்து, மத்தவங்க எல்லாம் ஓட்டி முடிச்ச பிறகுதான் காலனிக்காரங்களை ஏத்துவாங்க. அதுக்குள்ள இருட்டிடும். அப்படி ஒரு நாள் இருட்டுல அந்த அக்கா ஒருத்தங்க கருவேல முள்ளுல விழுந்து முழங்கை ஒடிஞ்சு போச்சு. நாட்டுக்கட்டு போட்டும் கை நேராகல. அம்மா போய்ப் பாக்கவே இல்ல.

1992 மார்ச் 8, மகளிர் தினத்தன்னைக்கு 1,500-க்கும் மேல பெண்கள் கொடி கட்டின சைக்கிள்ல மணி அடிச்சிக்கிட்டு புதுக்கோட்டை டவுனுக்குள்ள போனாங்க. அம்மாவும் போனாங்க. கை ஒடிஞ்ச அக்கா போகல. அந்த ஒண்ணரை வருசத்துல மாவட்டம் முழுக்க 70,000 பெண்களுக்கு மேல பொது இடத்துல சைக்கிள் ஓட்டிக் காட்டினாங்கன்னு பத்திரிகையாளர் பி.சாய்நாத் எழுதியிருக்கார். 1996-ல் வந்த அவரோட புத்தகத்தில் இருக்கு. கேலி பேசின ஆம்பளைங்க பிறகு, "தண்ணிக் குடத்தையும் கேரியர்ல கட்டிட்டுப் போ"ன்னு சொல்ல ஆரம்பிச்சாங்க. அதுல நமக்கு வேலைதான் கூடிச்சுன்னு அம்மா சொல்வாங்க. அதுவும் உண்மைதான்.

அந்த அக்கா இப்போ நம்ம கூட்டமைப்புலதான் உறுப்பினரா இருக்காங்க. இதை எழுதலாமான்னு கேக்கப் போனேன். கோணக் கையைக் காட்டி, "கை சரியான பிறகு நானாத்தான் பழகிக்கிட்டேன், கீரனூர் சந்தைக்கு இருபது வருசம் அதுலதான் போனேன். எழுது. உங்கம்மாவை ஒரு நாள் வரச் சொல்லு"ன்னாங்க.

போன வாரம் அம்மாவை ஸ்கூட்டியில பின்னாடி வச்சுக் கூட்டிட்டுப் போனேன். ரெண்டு பேரும் திண்ணையில உக்காந்து ரொம்ப நேரம் பேசினாங்க. நான் வண்டிக்கிட்டயே நின்னுட்டேன். அந்த அக்கா டீ போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாங்க. அம்மா வாங்கிக் குடிச்சாங்க. திரும்பி வரும்போது அம்மா எதுவும் சொல்லல. பொட்டல் பக்கம் வந்ததும், "மெதுவாப் போடி"ன்னு மட்டும் சொன்னாங்க.