கழுவெளியும் தன்னார்வப் பறவை வழிகாட்டலும்

கழுவெளி, திண்டிவனத்துக்குக் கிழக்கே, விழுப்புரம் மாவட்டத்தின் வானூர், மரக்காணம் வட்டங்களில் பரவியுள்ள ஈரநிலம் ஆகும். எடையன்திட்டுக் கழிமுகம் வழியாக இது வங்கக் கடலோடு இணைகிறது. வடகிழக்குப் பருவமழையில் நன்னீர் நிறையும். பின்னர் நீர் உவர்ப்பாகிக் கோடையில் வற்றும். மத்திய ஆசிய வலசைப் பாதையில் அமைந்திருப்பதால் பூநாரை, கூழைக்கடா, கருவால் மூக்கன் முதலிய பறவைகள் இங்கு வருகின்றன.

வேட்டையிலிருந்து கணக்கெடுப்புக்கு

1900ஆம் ஆண்டு அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுடும் போட்டிகள் வழக்கத்தில் இருந்தன. சுடுவதற்குப் பதிலாக எண்ணலாம் என்றார் பறவையியலாளர் பிராங்க் சாப்மன். அவ்வாண்டு 27 பேர் பறவைகளைக் கணக்கெடுத்தனர். 1967இல் பன்னாட்டு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு தொடங்கியது. அதன் ஆசியப் பிரிவு 1987 முதல் ஆண்டுதோறும் சனவரியில் தன்னார்வலர்களால் நடத்தப்படுகிறது. பறவைகளைக் காக்கும் வழக்கம் தமிழகத்தில் இதனினும் பழையது. வேடந்தாங்கல் மக்களின் பாதுகாப்பு உரிமையை 1798இல் ஆட்சியர் லயனல் பிளேஸ் ஏற்றார்.

பதிவின் பயன்

ஆக்கிரமிப்பு, இறால் பண்ணைகள், பறவை வேட்டை ஆகியன கழுவெளியை நலிவுறச் செய்தன. ஆள் குடியிராத நீர்ப்பரப்பைப் பாழ்நிலம் எனக் கருதுவது எளிது. எந்தப் பறவை, எத்தனை, எந்த மாதம் என்ற பதிவுகளே அக்கருத்தை மறுக்கும் சான்றுகள். 2021 டிசம்பரில் 5,151.6 எக்டேர் பரப்பு பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2024இல் ராம்சர் தலமாகவும் அறிவிக்கப்பட்டது.

வழிகாட்டியாதல்

பறவை வழிகாட்டி, பெயர் சொல்வதோடு நிற்பவர் அல்லர். பறவை கலையாத தொலைவில் பார்வையாளரை நிறுத்துவதும் கூடுகளை நெருங்கவிடாமல் தடுப்பதும் அவர் பணியே. இராஜஸ்தானின் பரத்பூரில் ரிக்‌ஷா ஓட்டுநர்களே பயிற்சி பெற்று வழிகாட்டிகளாயினர். உள்ளூர் அறிவுக்கு அது நல்ல சான்று.

வெளிநாடுகளில் பறவை ஆய்வு நிலையங்களும் பாதுகாப்பு அமைப்புகளும் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொள்வதுண்டு. ஊதியம் இல்லை, சில இடங்களில் தங்குமிடம் கிடைக்கும். பட்டத்தைவிடக் களப்பதிவுகளே அங்கு மிகுதியும் உதவும். 2002இல் தொடங்கிய ஈபேர்ட் தளத்தில் கழுவெளியில் எழுதிய பட்டியலை எந்த நாட்டிலிருந்தும் பார்க்கலாம். ‘நாரை’ என்னும் ஒரு சொல் பல இனங்களைக் குறிப்பதால் அறிவியல் பெயர்களை அறிந்திருப்பது தேவை. ஊதியமற்ற பணிக்கும் உரிய விசா வேண்டியிருக்கலாம். ஐக்கிய இராச்சியத்தில் அறக்கட்டளைகளில் ஊதியமின்றிப் பணிபுரியத் தனி விசா வகையே உள்ளது.

வலசைப் பறவைக்குப் புறப்படும் நாடும் சேரும் நாடும் ஒன்றுபோலவே தேவை. அதனால் மரக்காணத்தில் கற்ற பணி பிற நாட்டிலும் பயன்படும். அங்கு கற்றது கழுவெளிக்கும் திரும்பும்.