ஹைக்கூவில் மக்காச்சோளம்

16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் போர்ச்சுகீசியர் வழியே ஜப்பானுக்கு வந்த மக்காச்சோளம், ஹைக்கூவில் இலையுதிர்காலப் பருவச்சொல்லாக நிலைத்தது. இன்றோ அங்கே இனிப்புச் சோளம் குவிவது கோடையில். பழைய நாட்காட்டிப்படி ஆகஸ்ட் தொடக்கமே இலையுதிர்காலம்தானே, இதில் முரண் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் நாட்காட்டி மட்டுமே காரணமாக எனக்குத் தோன்றவில்லை. நெல்லுக்கு நீரில்லாத மலைச்சரிவுகளில் மக்காச்சோளம் பசி தீர்த்த தானியம். முற்றிய கதிரை ஒடித்து, தோலைப் பின்னுக்கு உரித்து, இரண்டிரண்டாக முடிந்து இறவாணத்தில் தொங்கவிடுவார்கள். அந்த மஞ்சள் வரிசைதான் குடியானவர் வீட்டின் இலையுதிர்காலம். ஹைக்கூவின் பருவச்சொற்களில் நிலவையும் செர்ரிப்பூவையும் அரசவைக் கவிதை தந்தது உண்மையே. அது தீண்டாத அடுப்படிப் பொருள்களுக்கு இடம் கொடுத்தது ஹைக்கூ கிளைத்த ஹைக்காய் மரபு. மெய்ஜி காலத்தில் ஹொக்கைடோவில் அமெரிக்க விதைகள் பரவி, சப்போரோ தெருக்களில் சுட்ட சோளம் மணத்த பிறகும் பருவச்சொற்களைத் தொகுக்கும் பருவநூல்கள் மாறவில்லை: கதிர் இலையுதிர்காலத்துக்கு, அதன் பூ கோடைக்கு.