பயிற்சி மருத்துவர் பணிநேரம்

பயிற்சி மருத்துவர் பணிநேரம் என்பது, மருத்துவமனையில் வேலை பார்த்தபடியே துறைப்பயிற்சி பெறும் மருத்துவர் ஒரே மூச்சிலும் ஒரு வாரத்திலும் எத்தனை மணி நேரம் பணியில் இருக்கலாம் என்பதற்கான வரம்பு. தமிழக அரசு மருத்துவமனைகளில் ஹவுஸ் சர்ஜன், பி.ஜி. என அழைக்கப்படுவோர் இவ்வகையினர். பணியாளர் நலம், நோயாளி பாதுகாப்பு ஆகிய இரண்டையும் ஒருசேரத் தொடும் விதி இது.

தோற்றம்

அமெரிக்காவில் பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 1889இல் திறக்கப்பட்டது. அங்கு மருத்துவத் துறையில் வில்லியம் ஆஸ்லரும் அறுவைத் துறையில் வில்லியம் ஹால்ஸ்டெடும் இப்பயிற்சி முறைக்கு உருவம் கொடுத்தனர். பயில்பவர் மருத்துவமனையிலேயே குடியிருந்தார். 'ரெசிடென்ட்' என்ற பெயர் அதனால் வந்தது. இரவானாலும் பகலானாலும் கூப்பிட்ட குரலுக்கு வந்தாக வேண்டும். திருமணம் பயிற்சிக்கு இடையூறாகக் கருதப்பட்டது.

ஹால்ஸ்டெடின் முறை கூம்பு வடிவானது. அடியில் பலர் சேர்வர், சிலரே மேலேறுவர், உச்சியில் தலைமை ரெசிடென்ட் ஒருவர் இருப்பார். பயிற்சி எப்போது முடியும் என்பதை ஆசிரியரே முடிவு செய்தார். கோகெயினின் மரத்துப்போகச் செய்யும் தன்மையைத் தம் உடலிலேயே சோதித்த ஹால்ஸ்டெட் அதற்கு அடிமையானார். பின்னர் மார்ஃபின் பழக்கமும் பல்லாண்டு தொடர்ந்தது. ஓய்வறியா இம்முறையைப் பற்றி எழுதுவோர் பலர் இதையும் சேர்த்தே சொல்வர்.

லிபி சயன் வழக்கு

1984 மார்ச் 4 இரவு, 18 வயதுக் கல்லூரி மாணவி லிபி சயன் காய்ச்சலும் உடல் உதறலுமாக நியூயார்க் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் மனச்சோர்வுக்கு ஃபெனல்சின் மாத்திரை சாப்பிட்டு வந்தவர். உதறலை அடக்கப் பெத்திடின் ஊசி போடப்பட்டது. இவ்விரு மருந்தும் உடலில் ஒன்றுசேரக் கூடாது. ஊசிக்குப்பின் அவர் நிலைகொள்ளாமல் தவித்தார். அவரைக் கவனித்த முதலாண்டு மருத்துவரின் பொறுப்பில் அவ்விரவு சுமார் 40 நோயாளிகள். செவிலியர் தொலைபேசியில் அழைத்தபோது, கைகால்களைக் கட்டி வைக்கவும் ஹாலோபெரிடால் கொடுக்கவும் மறுமுனையிலிருந்தே உத்தரவு வந்தது. விடியற்காலையில் காய்ச்சல் பார்த்தபோது 107 டிகிரி. காலையில் உயிர் பிரிந்தது. அவ்விரு மருந்தும் சேர்ந்ததில் உண்டான செரட்டோனின் மிகைப்பால் நேர்ந்த மரணம் இது எனப் பொதுவாகக் கொள்ளப்படுகிறது.

தந்தை சிட்னி சயன் வழக்கறிஞர், பத்திரிகையாளரும்கூட. மகளின் மரணத்தை அவர் பொதுப் பிரச்சினையாக்கினார். விசாரணை ஜூரி மருத்துவர்கள்மீது குற்றம் சாட்ட மறுத்தது. நெடுநேரப் பணியையும் மேற்பார்வைக் குறைவையும் கண்டித்தது. இழப்பீட்டு வழக்கு 1995இல் முடிந்தது. அதில் லிபி கோகெயின் உட்கொண்டிருந்தார் எனக் கூறி, ஜூரி பழியில் பாதியை அவர்மேலேயே சுமத்தியது.

விதிகள்

லிபியின் மரணத்தை அடுத்து அமைந்த, மருத்துவர் பெர்ட்ரண்ட் பெல் தலைமையிலான குழுவின் பரிந்துரையை ஏற்று, நியூயார்க் மாநிலம் 1989இல் வாரத்துக்கு 80 மணி, தொடர்ச்சியாக 24 மணி என வரம்பு வைத்தது. மூத்த மருத்துவரின் மேற்பார்வையும் கட்டாயமானது. நோயாளியைக் காப்பதில் மணிக்கணக்கைவிட மேற்பார்வையே முதன்மையானது எனப் பெல் பின்னர் எழுதினார். ஆயினும் மக்கள் நினைவில் நின்றது 80 என்ற எண்ணே.

அந்த எண் 2003இல் அமெரிக்கா முழுவதற்கும் உரியதாயிற்று. பாஸ்டன் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், 24 மணிக்கு மேல் நீளும் பழைய முறையில் முதலாண்டு மருத்துவர்கள் 36 விழுக்காடு கூடுதலாகக் கடும் பிழைகள் செய்தது தெரியவந்தது. 2011இல் அவர்களுக்குத் தொடர்பணி 16 மணி என வரம்பு வந்தது. 2017இல் அது நீக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வரம்பு வாரத்துக்குச் சராசரி 48 மணி. அங்கே மருத்துவமனையில் இருந்தபடி அழைப்புக்காகக் காத்திருக்கும் நேரமும் பணிநேரமே.

டியூட்டி மாற்றம்

பணிநேரம் குறைந்தால் ஒரே நோயாளி கைமாறும் தடவைகள் கூடும். ஐ-பாஸ் என்னும் முறையில் பணி முடிப்பவர் நோயின் கடுமை, நோயாளி விவரம், செய்யவேண்டியவை, நிலை மாறினால் எடுக்கவேண்டிய நடவடிக்கை ஆகியவற்றை வரிசையாகச் சொல்வார். பொறுப்பேற்பவர் கேட்டதைத் தம் வாயால் திருப்பிச் சொல்லவேண்டும். ஒன்பது மருத்துவமனைகளின் குழந்தைகள் பிரிவுகளில் சோதித்தபோது பிழைகள் 23 விழுக்காடு குறைந்தன.

இந்தியா

மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு உத்தரவு தொடர்பணி 12 மணி, வாரப்பணி 48 மணி எனக் கூறுகிறது. தேசிய மருத்துவ ஆணையத்தின் குழு 2024இல் பரிந்துரைத்த உச்சவரம்பு வாரத்துக்கு 74 மணி.