நான்யூ ராஜ்யமும் சீனப் பேரரசும்

கி.மு. 221-இல் ஆறு ராஜ்யங்களை அடக்கிச் சீனத்தை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த சின் ஷி ஹுவாங் சக்கரவர்த்தி, நான்லிங் மலைத்தொடருக்குத் தெற்கே யூ குலத்தார் வாழ்ந்த வனப்பிரதேசத்தின்மீது ஐந்து பிரிவுகளாகச் சைனியத்தை ஏவியதற்கு, காண்டாமிருகக் கொம்பு, யானைத்தந்தம், மீன்கொத்தி இறகு, முத்து ஆகியவற்றின்மேல் அவன் கொண்ட ஆசையே காரணம் என்று ஹுவாய்நான்ஸி என்னும் பழநூல் கூறுகிறது. யாங்சி ஆற்றில் கலக்கும் ஷியாங் நதியையும் தெற்கே ஓடும் லி நதியையும் இணைத்து, ஏறத்தாழ 36 கிலோமீட்டர் நீளத்திற்கு ஷி லு என்னும் அதிகாரி வெட்டுவித்த லிங்சூ கால்வாயின் வழியே, படைக்கு வேண்டிய தானியப் படகுகள் மலைநாட்டைக் கடந்தன. ஆயினும், அடிமைப்படுவதைவிட விலங்குகளோடு வாழ்வதே மேலெனக் காடு புகுந்த யூ மக்கள், இரவில் வந்து தாக்கித் தளபதி து சுயியையே கொன்றனர். கி.மு. 214-இல் மூன்று மாகாணங்கள் நிறுவப்பெற்றும், சின் வமிசம் வீழ்ந்தவுடன் அவை கைநழுவின.

அந்நிலத்தில் நான்யூ ராஜ்யத்தை ஸ்தாபித்து, இன்றைய குவாங்சௌ நகரமாகிய பான்யூவிலிருந்து ஆண்ட ஜாவ் தோ, பிறப்பால் வடநாட்டான்; எனினும், சின் வமிசத்துக்குப் பின் சீனத்தை ஆண்ட ஹான் வமிசத்தின் தூதர் லூ ஜியா கி.மு. 196-இல் வந்தபோது, யூ மக்களைப்போலவே கூந்தலை முடிந்து வீற்றிருந்தான். தென்னாட்டுக்கு இரும்பு விற்பதை ஹான் வமிசத்து லூ மகாராணி தடுத்தபோது அவன் தன்னையே சக்கரவர்த்தியெனப் பிரகடனம் செய்தான். அவனை ஒடுக்க அவள் அனுப்பிய சேனையோ, வெப்பத்தாலும் கொள்ளைநோயாலும் நலிந்து மலையைக்கூடத் தாண்டவில்லை. பின்வந்த வென் சக்கரவர்த்தி, ஜாவ் தோவின் முன்னோர் சமாதிகளைப் பேணி, அவனுடைய சுற்றத்தாருக்குப் பதவியளித்து, கி.மு. 179-இல் அதே லூ ஜியாவை மீண்டும் அனுப்பவே, சேனைக்குப் பணியாத அம்மன்னன் மரியாதைக்குப் பணிந்தான்.

அந்நயம் நெடுங்காலம் நீடிக்கவில்லை. ஹான் ஆட்சிக்கு முற்றும் அடங்க விழைந்த இளமன்னனையும் அவன் தாயையும் ஹான் தூதர்களையும் நான்யூவின் முதன்மந்திரி கொன்றதைக் காரணமாகக் கொண்டு, வூ சக்கரவர்த்தி பெருஞ்சேனையை ஏவினான். கி.மு. 111-இல் பான்யூவை முற்றுகையிட்டபோது ஹான் தளபதி யாங் பூ நகருக்குத் தீயிட்டான். மற்றொரு தளபதியான லூ போதெயோ, சரணடைந்தோரை வரவேற்றுப் பதவி முத்திரை வழங்கினான். விடிவதற்குள் நகரத்தார் அவன் பாசறையையே நாடினர்.

ஜாவ் தோவை இணக்கியதும், எரியும் நகரின் மக்களை ஈர்த்ததும் மதிப்பளிக்கும் பண்பே என்பதை இவ்வரலாறு தெளிவுறுத்துகிறது. அப்பண்பு மறக்கப்பட்டபோது, நான்யூவின் தென்பகுதியாக இருந்த இன்றைய வட வியட்நாமில், கி.பி. 40-இல் துருங் சகோதரிகள் ஹான் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்தெழுந்தனர். ஹான் தளபதி மா யுவான் அவர்களை ஒடுக்கினான். ஆயினும், கி.பி. 938-இல் பாக்டாங் ஆற்றுப் போரில் வென்று வியட்நாம் தன்னாட்சி பெற்றது. ஒரு ஜனசமூகத்தின் சுயமரியாதையைக் கருதாத பேரரசு, அதன் நிலத்தை எத்தனை நூற்றாண்டு ஆண்டாலும், அதனைத் தனதாக்கிக்கொள்வதில்லை.